பற்றரி இறங்கினால் பயணச்சீட்டும் செல்லாதா? போக்குவரத்து அதிகாரிகளுக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கு,

போன மாதம் என் கடையில் பதிந்த இரண்டு பஸ் ஆசனங்களைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட ஒரு சந்தியில் கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் படம், படிவம் நிரப்புதல், அதோடு கொழும்பு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஆசனம் பதிதல். கிழமைக்கு இருபது முப்பது பேருக்காவது டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். டிஜிட்டல் டிக்கெட் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அதை இந்த ஊருக்குள் கொண்டுவந்தவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் நடந்ததைப் பார்த்துப் பேசாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர் அம்மா ஒருவருக்கு 67 வயது. கொழும்புக்குக் கிட்ட மஹரகமவில் கிளினிக். விடியவே வரிசையில் நின்று நம்பர் எடுக்க வேண்டும் என்பதால் இரவு பஸ்ஸில்தான் போவார். துணைக்குப் பேரன், 14 வயது. என் வங்கி அட்டையில் காசு கட்டி, என் போன் நம்பரைக் கொடுத்து, இரண்டு ஆசனங்களைப் பதிந்தேன். அம்மா காசைத் தாளாக என் கையில் தந்தார். டிக்கெட் ஒரு லிங்க்காக என் போனுக்கு வந்தது. அதைப் பேரன் கையில் இருந்த போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்றைக்கு என் பிரிண்டரில் மை இருக்கவில்லை. அதனால் ஒரு வெள்ளைத் தாளில் பதிவு இலக்கம், ஆசன இலக்கங்கள், பஸ் வெளிக்கிடும் நேரம், என் போன் நம்பர் எல்லாவற்றையும் தெளிவாக எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். அச்சடித்துக் கொடுக்காதது என் பிழை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஏறும்போது நடத்துனர் தன் போனில் இருந்த ஆசனப் பட்டியலைப் பார்த்து, பெயர் கேட்டு, சரி போட்டு, இரண்டு பேரையும் அவரவர் இடத்தில் இருத்தினார். வவுனியாவில் நடத்துனர் மாறினார். பட்டியலும் முதல் நடத்துனரின் போனோடு இறங்கிப் போய்விட்டது. பேரன் வழி முழுக்கப் படம் பார்த்துக்கொண்டு போயிருக்கிறான். ஈரப்பெரியகுளம் தாண்டுவதற்குள் போன் அணைந்துவிட்டது. நள்ளிரவுக்குச் சற்று முன், மதவாச்சிக்குக் கிட்டப் பரிசோதகர்கள் ஏறினார்கள்.

அம்மா என் தாளை நீட்டினார். பரிசோதகர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் மடியிலேயே போட்டுவிட்டு, சிங்களத்தில் போனைக் கேட்டார். பிள்ளை அணைந்த போனைக் காட்டினான். பஸ்ஸில் இருந்த சார்ஜ் போடும் இடம் வேலை செய்யவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த பொடியன் ஒருவர் தாளில் இருந்த என் நம்பருக்கு எடுத்தார். அப்போது இரவு 11.40. விசயத்தைச் சொன்னதும், "அந்த இலக்கத்தை அவரின்ர மெசினில அடிச்சுப் பார்க்கச் சொல்லுங்கோ, இல்லாட்டிப் போனை அவரிட்டக் குடுங்கோ, நான் கதைக்கிறன்" என்றேன். அவர் போனை வாங்கவில்லை. டிக்கெட்டைத் திரும்ப அனுப்புகிறேன், அந்தப் பொடியனின் போனிலேயே காட்டுகிறேன் என்றேன். வேறு ஆளின் போனில் காட்டினால் ஏற்க முடியாது என்றார்கள். இரண்டு பேரையும் எழும்பி நடுவில் நிற்க வைத்தார்கள். முழு பஸ்ஸும் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்குமான கட்டணத்தைத் திரும்பக் கட்ட வேண்டும், அதற்கு மேல் தண்டமும் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் இறங்க வேண்டும் என்றார்கள். வெளியில் எடுக்கச் சொல்லியிருந்த இரத்தப் பரிசோதனைக்காகச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த காசை அவிழ்த்துக் கட்டினார் அம்மா.

அந்தப் பொடியன் ஊருக்கு வந்தபின் என் கடைக்கு வந்து சொன்னார்: பரிசோதகரின் கையில் ஒரு கருவி இருந்திருக்கிறது. மற்றவர்களின் போனில் இருந்த கியூஆர் கோட்டை அதில் வைத்துப் பார்த்து, சரி வந்ததும் அடுத்த ஆளிடம் போயிருக்கிறார். கியூஆர் கோட் வாசிக்கிற கருவிக்கு இலக்கத்தை வாசிப்பது கஷ்டமான வேலை இல்லை. கோட்டுக்குள் இருப்பதும் ஓர் இலக்கம்தான்.

நான் உங்களிடம் முன்வைக்கும் விசயம் இதுதான். டிக்கெட் போனுக்குள் இல்லை. அது பதிவேட்டில் இருக்கிறது. போனில் வருவது அதன் பிரதி. காசு கட்டியது பதிவாகியிருந்தது, ஆசனம் அவர்கள் பெயரில் ஒதுக்கப்பட்டிருந்தது, ஏறும்போது சரி போட்டாயிற்று. இவ்வளவும் முறைக்குள் இருக்கும்போது, ஒரு பிள்ளையின் போனில் பற்றரி இறங்கிப் போனதற்காக ஒரு நோயாளி எப்படிக் களவாய்ப் பயணம் செய்தவர் ஆகலாம்? டிக்கெட்டைச் சரிபார்ப்பது பரிசோதகரின் வேலை. அதற்கான கருவியும் அவரிடம்தான் இருக்கிறது. அந்த வேலையைப் பயணியின் தலையில் கட்டிவிட்டு, பயணியால் முடியாமல் போனால் தண்டம் விதிப்பது நியாயம் இல்லை.

அடுத்த கிழமை அம்மா கடைக்கு வந்தார். ஒரு சொப்பிங் பைக்குள் இருந்து கடதாசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். செட்டிகுளம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த அந்த மெனிக் பாம் முகாம் 2012இல் மூடப்பட்டுவிட்டது, அட்டையை அவர் இன்னும் வைத்திருக்கிறார். இரண்டு மரண அத்தாட்சிப் பத்திரங்கள். கிளினிக் கொப்பி. பழைய பஸ் டிக்கெட்டுகள், மை மங்கி எழுத்தே தெரியாதவை, நான்காய் மடித்தவை. கடைசியாக, அன்றிரவு கொடுத்த தண்டப் பற்றுச்சீட்டு. அது முழுக்கச் சிங்களத்தில் இருந்தது.

"தம்பி, இதில என்ன எழுதிக் கிடக்கு? நான் களவாப் போனனான் எண்டோ எழுதியிருக்கிறாங்கள்?"

எனக்கும் அதை வாசிக்கத் தெரியவில்லை. போனில் படம் எடுத்து, மொழிபெயர்த்துப் பார்த்துத்தான் சொன்னேன். "டிக்கெட் இல்லாமல்" என்ற சொல்லை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சற்று நேரம் நின்றேன்.

இந்த மண்ணில் கடதாசி என்பது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். வவுனியாவுக்கு வடக்கே வாழ்ந்தவர்களுக்கு ஒரு துண்டுக் கடதாசியை வைத்துத்தான் அடுத்த நாள் எப்படிப் போகும் என்பது தீர்மானமானது. போர்க் காலத்தில் பாஸ் என்ற பயண அனுமதிச் சீட்டு இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், இல்லாவிட்டால் திரும்ப வேண்டும். 2002இல் யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்தபோது ஓமந்தைச் சோதனைச்சாவடியில் மணித்தியாலக் கணக்கில் வரிசையில் நின்றோம். 2006 ஓகஸ்டில் திரும்ப மூடப்பட்டது. போர் முடிந்த பிறகும் அந்த இடத்தில் பல வருசம் இறங்கி, நடந்து, அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறினோம். சீருடை போட்ட ஒருவர் இரவில் பஸ்ஸுக்குள் ஏறி, தெரியாத மொழியில், "எடு" என்று கையை நீட்டும்போது எங்கள் அம்மாமாருக்கு அது வெறும் டிக்கெட் பரிசோதனை இல்லை. அவர்கள் கை நடுங்குவது குற்றத்தால் இல்லை. பரிசோதகர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

இனி, டிஜிட்டல் டிக்கெட் எங்கள் பக்கம் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். கொழும்பில் இருந்து பார்த்தால் இது தெரியாது.

கொக்காவிலில் 174 மீற்றர் உயரத்தில் தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கிறது. 2011இல் திறந்தார்கள். ஏ9இல் போகும்போது அதை அண்ணாந்து பார்க்காதவர் இல்லை. ஆனால் மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு வீதியில் உள்ளே திரும்பி, காட்டுப் பக்கம் போகப் போக சிக்னல் ஒரு கோடாகும், பிறகு அதுவும் இல்லாமல் போகும். துணுக்காய்ப் பக்கத்தில் இருந்து வருகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஆசனம் பதியும்போது வங்கி ஓர் ஓடிபி இலக்கம் அனுப்பும். அது சில நிமிசத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் பதிவு அறுந்துபோகும், பிடித்த ஆசனம் வேறு ஆளுக்குப் போய்விடும். சில நாள் காசு மட்டும் கழிந்து, டிக்கெட் வராது. அந்தக் காசு திரும்பி வரும்வரை என் கைக்காசில்தான் சமாளிக்கிறேன்.

அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும காசு வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது, ஆகவே எல்லாருக்கும் வங்கி அட்டை இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். என்னிடம் வருகிறவர்களில் பலரிடம் இருப்பது வங்கிப் புத்தகம் மட்டுமே. அட்டை இருப்பவர்களுக்கும் இணையத்தில் காசு கட்டும் வசதி திறந்திருக்காது. அதைத் திறக்க வங்கிக்கு ஒரு நாள் போக வேண்டும், அந்த நாளின் கூலி போய்விடும். அதனால் என்னிடம் வருகிறார்கள். என் அட்டை, என் மின்னஞ்சல், என் போன் நம்பர். கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் மல்லாவியிலும் என்னைப் போலக் கடைக்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள். உங்கள் பதிவேட்டில் ஒரே போன் நம்பரில் நூறு பயணம் பதிந்ததாக இருக்கும். அந்த நூறு பேரும் வேறு வேறு ஆட்கள், காசு கொடுத்தவர்கள், போனைக் காட்டச் சொன்னால் காட்ட முடியாதவர்கள்.

"வேறு ஆளின் போனில் காட்டினால் ஏற்க முடியாது" என்ற விதியை யார் எழுதினார்களோ தெரியாது. அதை எழுதும்போது எங்கள் வீடுகளை நினைத்திருக்க மாட்டார்கள். இங்கே ஒரு வீட்டுக்கு ஒரு நல்ல போன். மகன் வேலைக்குக் கொண்டுபோனால் தாய்க்குப் போன் இல்லை.

பரிசோதகர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஸ்கிரீன்ஷொட்டை நம்ப முடியாது என்பது உண்மை. மாறாத ஒரு கியூஆர் படத்தை வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்பலாம். பத்துப் பேரும் அதைக் காட்டலாம். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், என் கடைக்கே வந்து கேட்டவர்கள் உண்டு, திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் அதற்கான மருந்து கருவியில் இருக்கிறது. ஒரு பதிவு இலக்கம் ஒருமுறை சரிபார்க்கப்பட்டதும் "ஏறியாயிற்று" என்று குறித்துவிட்டால், அதே பஸ்ஸில் இரண்டாவது ஆள் அதைக் காட்டும்போது உடனே தெரிந்துவிடும். சிக்னல் இல்லாத இடத்திலும் இது நடக்கும். பஸ் வெளிக்கிடும் முன் அன்றைய பயணிகள் பட்டியலைக் கருவிக்குள் இறக்கி வைத்தால் போதும், பிறகு வலையமைப்பே தேவையில்லை. நாற்பது ஐம்பது பேரின் பட்டியல் ஒரு போட்டோவின் அளவுகூட வராது. நடத்துனர் மாறும்போது பட்டியலும் கைமாற வேண்டும், அவ்வளவுதான். இது பெரிய செலவு இல்லை. இதைச் செய்யாமல் விட்டதன் செலவை அந்த அம்மா கட்டினார்.

சரி, இரவு பஸ்ஸை விடுவோம். உள்ளூர் பஸ்ஸுக்கு வருகிறேன், எங்கள் சனம் தினமும் ஏறுவது அதில்தான்.

ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளை ஒருவர் என் கடையில்தான் ரீலோட் போடுவார். ஒருநாள் பின்னேரம் அழுத முகத்தோடு வந்தார். நடத்துனரிடம் காசு கொடுத்திருக்கிறார், அவர் டிக்கெட் கொடுக்கவில்லை. எங்கள் பக்கம் இது புதுமை இல்லை. காசை வாங்கி விரலிடுக்கில் செருகிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். கேட்டால், "ஏன் தங்கச்சி, என்னில நம்பிக்கை இல்லையோ" என்பார்கள். பிள்ளை கேட்கவில்லை. இரண்டு தரிப்பிடம் தள்ளிச் செக்கிங் ஏறியது. நடத்துனர் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். தண்டம் பிள்ளைக்கு. நடத்துனருக்கு ஒரு சொல்கூட இல்லை. அன்றைக்கு உழைத்ததை அப்படியே அங்கே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

டிக்கெட் கொடுக்க வேண்டியவர் கொடுக்கவில்லை. வாங்க வேண்டியவர் காசு கொடுத்தாயிற்று. இதில் பிழை செய்தவர் யார் என்பது பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் பிடிபடுவது எப்போதும் காற்சட்டைப் பையில் டிக்கெட் இல்லாத ஆள்தான். நடத்துனரின் காசுப் பையையும் அவரின் கருவியில் பதிந்த டிக்கெட் எண்ணிக்கையையும் ஒத்துப் பார்த்தால் ஐந்து நிமிசத்தில் உண்மை தெரிந்துவிடும். பையில் காசு அதிகம், கருவியில் டிக்கெட் குறைவு என்றால், அந்த மிச்சம் அந்தப் பிள்ளையின் காசுதான்.

மேல் மாகாணத்தில் 2025 ஒக்டோபரில் தனியார் பஸ்களிலும் டிக்கெட் கொடுப்பது கட்டாயம் என்று கொண்டுவந்தீர்கள். நவம்பரில் கொழும்புக்குக் கிட்ட மாகும்புரவில் வங்கி அட்டையால் பஸ் கட்டணம் கட்டும் முறையைத் தொடங்கினீர்கள். இரண்டும் நல்ல காரியம். அட்டையால் கட்டினால் மிச்சக் காசுப் பிரச்சினை தீரும். குறைந்த கட்டணம் 27 ரூபா என்று வந்த காலத்தில் 30 ரூபா கொடுத்து 3 ரூபா திரும்ப வாங்கினவர் எத்தனை பேர்? இந்த வீதியில் நான் ஒருவரையும் காணவில்லை. நாளுக்கு இரண்டு தரம் போய்வருகிற பிள்ளைக்கு அது மாதத்துக்கு நூறு ரூபாவுக்கு மேல். ஆகவே கருவி வரட்டும். ஆனால் கட்டாயம் என்ற சொல் முதலில் நடத்துனருக்கும் பஸ் உரிமையாளருக்கும் வர வேண்டும். அவர்கள் டிக்கெட் கொடுக்கும் பழக்கம் வீதியில் நின்றுபிடித்த பிறகுதான் பயணியிடம் டிக்கெட் எங்கே என்று கேட்கும் உரிமை உங்களுக்கு வரும்.

ரயிலைப் பற்றி ஒரு சொல். 1990இல் நின்ற ரயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தபோது, ரயிலையே கண்டிராத இருபது வயதுக்காரர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிக்குப் போன காலத்தில் பிறந்தவர்கள். மாங்குளம் ஸ்டேசனில் முதல் தரம் வாங்கிய அந்தச் சின்ன மட்டை டிக்கெட்டை நான் இன்னும் என் பர்சில் வைத்திருக்கிறேன். விரல் நீளம்கூட இல்லை. தடித்த மட்டை, திகதி குத்தியிருக்கும். அதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அம்மாவும் வைத்திருக்கலாம், பேரனும் வைத்திருக்கலாம், மழையில் நனைந்தாலும் காய வைத்துக் காட்டலாம். புதிய முறை அதைவிட நல்லதாக இருக்க வேண்டும் என்றால், முதலில் அது அந்த மட்டையின் அளவுக்காவது எங்கள் சனத்தின் கையில் நிற்க வேண்டும்.

மொழி விசயத்தை நான் உணர்ச்சிக்காக எழுதவில்லை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிர்வாக மொழி தமிழ் என்று இருக்கிறது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடங்களிலும் ஓர் அரச உத்தியோகத்தரோடு தமிழில் தொடர்புகொள்ளவும், அவரிடமிருந்து தமிழில் பதில் பெறவும் ஒருவருக்கு உரிமை இருப்பதாக அதே உறுப்புரை சொல்கிறது. ஆகவே மதவாச்சியிலும் அந்த அம்மாவுக்கு அந்த உரிமை இருந்தது. கருவியில் இருந்து வரும் டிக்கெட், குறுஞ்செய்தி, தண்டப் பற்றுச்சீட்டு, பதிவுசெய்யும் பக்கம் இவற்றில் எத்தனை தமிழில் ஒழுங்காக இருக்கின்றன என்று ஒருநாள் என் கடையில் வந்து இருந்து பாருங்கள். சில இடங்களில் தமிழ் இருக்கிறது, ஆனால் எழுத்து உடைந்து பெட்டி பெட்டியாகத் தெரிகிறது. சில இடங்களில் ஊர்ப் பெயரே மாறிக் கிடக்கிறது. தேடுகிறவருக்குத் தன் ஊர் எது என்று தெரியாமல் என்னிடம் கேட்கிறார்.

இனி என் கோரிக்கைகள்.

முதலாவது, பதிவு இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் டிக்கெட்டாக ஏற்றுக்கொள்ளுங்கள். அது தாளில் கையால் எழுதியிருந்தாலும் சரி, வாயால் சொன்னாலும் சரி, பக்கத்து ஆளின் போனில் இருந்தாலும் சரி. பரிசோதகர் அதைத் தன் கருவியில் அடித்துப் பார்க்க வேண்டும். கருவி வேலை செய்யாவிட்டால், சிக்னல் இல்லாவிட்டால், பயணியின் விபரத்தை எழுதிக்கொண்டு பயணத்தைத் தொடர விட வேண்டும். பொய் சொன்னது பிறகு தெரியவந்தால் தண்டத்தை வீட்டுக்கு அனுப்புங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் சரிபார்க்காமல் ஒருவரிடமும் காசு வாங்கக் கூடாது. இது எழுத்தில், சுற்றறிக்கையாக, எல்லா நடத்துனருக்கும் பரிசோதகருக்கும் போக வேண்டும். மற்றக் கோரிக்கைகள் எல்லாவற்றையும் விட எனக்கு இதுதான் பெரிது.

இரவில் யாரையும் வழியில் இறக்கக் கூடாது. டிக்கெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில் யானை நிற்கிற வீதியில் இறக்கிவிட்டால் என்ன நடக்கும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நோயாளிகள், பெண்கள், பிள்ளைகள் என்று நான் பிரித்துச் சொல்லவில்லை. யாரையும்.

டிக்கெட் கொடுக்காத பஸ்ஸில் பரிசோதனை நடந்தால், முதலில் நடத்துனரின் கணக்கைப் பாருங்கள். அதில் குறை இருந்தால் தண்டம் அவருக்கு மட்டும். பயணியை எழுப்பி நிறுத்த வேண்டாம். பரிசோதகர் தன் இலக்கம் தெரியும்படி அட்டை அணிந்திருக்க வேண்டும். வவுனியாவில் இருந்து வடக்கே ஓடும் பஸ்களிலும், இங்கிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்களிலும் பரிசோதனைக் குழுவில் தமிழ் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். தண்டப் பற்றுச்சீட்டு மூன்று மொழியிலும் இருக்க வேண்டும். அதன் பின்பக்கத்தில் முறையிடும் இடமும் கால எல்லையும் தமிழில் அச்சிட வேண்டும். 1955 என்ற இலக்கத்துக்கு எடுத்து முறையிடலாம் என்று பஸ்ஸில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எடுக்கிறவருக்குத் தமிழில் பதில் சொல்ல இரவிலும் ஆள் வேண்டும்.

காசு கொடுத்து ஏறும் வழியையும் கடதாசி டிக்கெட்டையும் எங்கள் வீதிகளில் நிறுத்த வேண்டாம். அட்டையும் செயலியும் அதோடு சேர்ந்து வரட்டும்.

புதிய கருவியை முல்லைத்தீவுக்கு வரும் ஏ34, ஏ35 வீதிகளில் போடுவதற்கு முன், முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் பிரதேச செயலகங்களில் ஒருநாள் கூட்டம் வையுங்கள். பஸ்ஸில் போகிற சனத்தைக் கூப்பிடுங்கள். கருவியைக் காட்டுங்கள். உள்ளே ஒரு பஸ்ஸில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், மழைக் காலத்தில், மின்சாரம் நின்ற நாளில். என்னைப் போன்ற கடைக்காரர்களையும் கூப்பிடுங்கள். எந்தப் பதிவு எங்கே அறுகிறது என்று நாங்கள் சொல்லித் தருகிறோம், சம்பளம் கேட்க மாட்டோம். மற்றவர்களுக்காகப் பதிந்து கொடுப்பவர்களுக்கு ஒரு முறையான வழியும் செய்து தாருங்கள். பயணியின் பெயரிலும் அடையாள அட்டை இலக்கத்திலும் டிக்கெட் போட்டு, எங்கள் கடையிலேயே அச்சடித்துக் கொடுக்க அனுமதி இருந்தால், அந்தத் தாள் செல்லும் என்று நீங்கள் சொன்னால், பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

கடைசியாக, அந்த அம்மாவிடம் அன்றிரவு வாங்கிய கட்டணமும் தண்டமும் திரும்பி வர வேண்டும். பதிவு இலக்கம், பஸ் வெளிக்கிட்ட நேரம், தண்டப் பற்றுச்சீட்டு, காசு கட்டியதற்கான வங்கிப் பதிவு எல்லாம் என்னிடம் இருக்கின்றன. எந்தச் சேவை, எந்தக் குழு என்பதை இங்கே எழுதவில்லை. உரிய அதிகாரி கேட்டால் பிரதிகளோடு நேரில் வருகிறேன். காசோடு ஒரு கடிதமும் வேண்டும், தமிழில், அவர் டிக்கெட் எடுத்துத்தான் பயணம் செய்தார் என்று. அந்தச் சொப்பிங் பைக்குள் சிங்களப் பற்றுச்சீட்டுக்குப் பக்கத்தில் வைக்க அவருக்கு அது தேவை.

அவருக்கு அடுத்த கிளினிக் இன்னும் ஐந்து கிழமையில். பேரனோடு அதே இரவு பஸ்ஸில்தான் போக வேண்டும். "இந்த முறை பகல்ல போவமோ தம்பி" என்று கேட்கிறார். பகலில் போனால் நம்பர் கிடைக்காது. அந்தத் திகதிக்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் பக்கத்துக் கொமினிகேசன் கடைக்காரன்